ஓர் இழை ஒளியும் ஒரு விரல் ரேகையும்

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், இயற்பியல் துறை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் சொன்னபோது நான் தயங்கினேன். கவிதை எழுதத் தெரியாது. பெரியோர் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். "சார், எதைப் பற்றி எழுதட்டும்?" என்று கேட்டேன். "நீ கண்ணால் பார்த்ததை எழுது, அதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கட்டும்" என்றார். நான் கண்ணால் பார்த்ததோ கண்ணுக்கே தெரியாத ஓர் ஒளி! அதை எழுத வேண்டுமானால் நான் செய்த பிழையையும் எழுதித்தான் ஆக வேண்டும். நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

எங்கள் வீடு பட்டரவாக்கம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும், "அப்பா பேட்டையில் வேலை" என்பார்கள். பேட்டை என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை அம்பத்தூருக்கு வந்தது. 1960-களில் அரசு தொழிற்பேட்டையை அமைத்தது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. வில்லிவாக்கத்திலிருந்து ஆவடி வரை இரும்பின் ஓசை கேட்டு வளர்ந்த ஊர்கள் எங்களுடையவை. சங்கு ஊதினால் சோறு. சங்கு நின்றால் பட்டினி!

என் தந்தை இருபத்தேழு ஆண்டுகள் ஒரு கடைசல் பட்டறையில் டர்னராக இருந்தவர். லேத்தின் முன் நின்று நின்றே அவர் வலது தோள் சற்று இறங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பட்டறை முதலாளி வயது முதிர்ந்து இடத்தை விற்றுவிட்டார். பக்கத்து ஷெட்டுகள் இரண்டும் அவ்வாறே போயின. மூன்றும் சேர்ந்த இடத்தில் சன்னல்களே இல்லாத உயர்ந்த கட்டடம் ஒன்று எழுந்தது. அப்பா இப்போது வேறொரு பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறார். அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், "உள்ளே என்ன தயாரிக்கிறாங்கன்னு யாருக்குமே தெரியலைடா, லாரி வந்து சரக்கு ஏத்தினதை ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை" என்பார்.

அது ஒரு தரவு மையம். ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்து, குளிரூட்டி, இரவு பகல் ஓயாமல் இயக்கும் இடம். நாம் கைப்பேசியில் அனுப்பும் பணம், பார்க்கும் படம், எழுதும் கடிதம் எல்லாம் இப்படிப்பட்ட ஒரு கூடத்தில்தான் தங்குகின்றன. சென்னைக் கரையில் கடலடிக் கேபிள்கள் பல வந்து ஏறுகின்றன. 2002-இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்று. 2020-இல் அந்தமானுக்குச் செல்லும் ஒன்று. இடையே இன்னும் சில. கரையில் கேபிள் இருந்தால் ஊருக்குள் தரவு மையம் வருவது இயல்பே. அம்பத்தூரில் 2023-இல் என்.டி.டி. நிறுவனமும், 2024-இல் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனமும் பெரிய வளாகங்களைத் திறந்தன. வேறு சிலவும் உண்டு. நான் வேலை செய்த இடம் எது என்பது இங்கே தேவையில்லை. அங்கு நடந்தது என் பிழை. அந்த இடத்தின் பிழையன்று.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், பக்கத்து வீட்டு மாமா ஒருவர் மூலம் கேபிள் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். இரவு வேலை. பதினொரு மணிக்கு உள்ளே போனால் விடியற்காலை ஐந்துக்கு வெளியே. காலணிக்கு மேல் உறை, தலைக்குத் தொப்பி, சட்டையில் அடையாள அட்டை. முதல் நாள் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அப்பாவின் பட்டறை நின்ற அதே மண்ணின் மீது நிற்கிறோம் என்ற எண்ணம் நெஞ்சை ஏதோ செய்தது. எண்ணெய் வாடை இல்லை; இரும்புச் சுருள் இல்லை. விசிறிகளின் இரைச்சல் மட்டும் கடல் போல இருந்தது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் நூல்கள்! அவைதான் ஒளியிழைகள்.

இங்கே சற்று இயற்பியல் பேச அனுமதி வேண்டும்.

கண்ணாடி நூலின் வழியே ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவோ என்பவர் தம் தோழர் ஹாக்கமுடன் சேர்ந்து எழுதினார். அன்றைய கண்ணாடியில் ஒளி சிறிது தூரம் போவதற்குள் அழிந்துவிடும். "குற்றம் ஒளியினுடையதன்று, கண்ணாடியில் கலந்திருக்கும் மாசினுடையது, மாசை நீக்கினால் வழி பிறக்கும்" என்பதே அவர் வாதத்தின் சாரம். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அதை எட்டிவிட்டனர். இன்று 1310 நானோமீட்டர் ஒளியில் ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் மிஞ்சுகிறது. காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல். நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து!

இந்த நூலில் செய்தி எப்படிப் போகிறது? விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுவது போலத்தான். எரிந்தால் 1, அணைந்தால் 0. ஒரு நொடியில் எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதற்குப் பாட் என்று ஓர் அலகு உண்டு. தந்தி அறிஞர் எமில் போதோவின் நினைவாக வைத்த பெயர். பழைய டெலிபிரிண்டர்களின் வேகம் 50 பாட். நம் கிண்டியில் 1960-இல் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கி அத்தகைய கருவிகளைச் செய்தது. நான் இரவில் தொட்ட ஒளிக்கருவியின் வேகம் 5,312 கோடி பாட்டுக்கும் மேல். ஒரே அலகு, ஒரே ஊர், எவ்வளவு தூரம்!

சில ஆண்டுகள் முன்வரை ஒரு நொடிக்கு 100 ஜிகாபிட், அதாவது பத்தாயிரம் கோடி துணுக்குகளை அனுப்ப, நான்கு லேசர்களை வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலைநீளம்; நான்கு நிறங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 25 ஜிகாபிட் சுமக்கும். நான்கையும் ஒரே இழையில் கலந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்துக்கொள்வார்கள். ஒரே மாட்டுக்கு அதிகமான பாரம் என்று நான்கு மாடுகளைப் பூட்டிய வண்டி அது. ஆனால் நான்கு மாட்டுக்கும் தீனி வேண்டுமே! நான்கு லேசர், கலக்கும் உறுப்பு, பிரிக்கும் உறுப்பு, இவை எல்லாவற்றையும் விரல் நீளமுள்ள ஒரு பெட்டிக்குள் ஒழுங்காகப் பொருத்தும் கூலி, அதில் பிறக்கும் சூடு. ஒரு கூடத்தில் இப்படிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் செலவு என்னாகும்?

ஆகவே பொறியாளர்கள் வேறு வழி தேடினார்கள். ஒரே லேசர், ஒரே அலைநீளம், அதிலேயே 100 ஜிகாபிட். இதற்கு இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, துடிப்பின் வேகத்தை இரு மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள். இரண்டாவது, எரிவது அணைவது என்ற இரண்டு நிலைக்குப் பதிலாக நான்கு நிலைகளை வைத்தார்கள்: மிகக் குறைவு, கொஞ்சம், அதிகம், முழுமை. நான்கு நிலை என்றால் ஒரு துடிப்பிலேயே இரண்டு துணுக்குகள் போகும். 2018-இல் இதற்கான சர்வதேசத் தர வரையறை வெளிவந்தது. ஒரே அலைநீளத்தில் 500 மீட்டர் தூரத்துக்கு 100 ஜிகாபிட் என்பது அதில் ஒன்று. பின்னர் 2 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் வகைகளும் வந்தன.

வேகத்தைக் கேட்டு மலைக்காமல் நீளத்தை எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. அந்த ஓட்டத்தில் பழைய வகையின் ஒரு துடிப்பு இழைக்குள் 8 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. புதியதில் அது 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு துவரம்பருப்பின் அளவு! 500 மீட்டர் இழைக்குள் எந்தக் கணத்திலும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பருப்புகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஒரே அலைநீளத்தில் 200 ஜிகாபிட் அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் ஒரு துடிப்பின் நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேச வேண்டியிருப்பதால் இந்த ஓட்டம் நிற்கப்போவதில்லை. நம் சென்னையிலேயே ஐ.ஐ.டி.யில் சிலிக்கான் சில்லின் மீது ஒளிப்பாதை அமைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது என்பது நமக்குப் பெருமை.

ஆனால் எந்தப் பேறும் இலவசமாகக் கிடைப்பதில்லை. நான்கு நிலைகளை அதே உயரத்துக்குள் அடக்கினால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சிறு இரைச்சலும் ஒரு படியை இன்னொரு படியாகக் காட்டிவிடும். இதற்காகச் செய்தியோடு சேர்த்துப் பிழை திருத்தும் எழுத்துகளையும் அனுப்புகிறார்கள். 514 எழுத்து செய்திக்கு 30 எழுத்து காவல். ஆக 544-இல் 15 எழுத்துகள் வரை கெட்டாலும் மறுமுனையில் முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம். தேய்ந்த கல்வெட்டில் சில எழுத்துகள் அழிந்திருந்தாலும் அறிந்தவர் வரியைப் படித்துவிடுகிறார் அல்லவா? அதுபோல. ஆனால் பதினாறாவது எழுத்தும் அழிந்தால்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

அன்று எங்களுக்குக் கொடுத்த வேலை, பழைய நான்கு நிறப் பெட்டிகளைக் கழற்றிப் புதிய ஒற்றை நிறப் பெட்டிகளைப் பொருத்துவது. புதிதாக வந்திருந்த ஸ்விட்சின் 400 ஜிகாபிட் வாய் ஒன்று நான்காகப் பிரிந்து, நான்கு இடங்களுக்கு 100, 100-ஆகப் போகும். மறுமுனையும் அதே ஒற்றை நிற மொழி பேசினால்தான் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். ஆகவே பெட்டிகளை மாற்றி, இழைகளை மீண்டும் சொருக வேண்டும்.

சொருகுவதற்கு ஒரு முறை உண்டு. இழை முனையின் மூடியைக் கழற்ற வேண்டும். சிறிய நுண்ணோக்கியால் முனையைப் பார்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் பேனா போன்ற துடைப்பானை ஒரு முறை அழுத்திச் சுத்தம் செய்து மீண்டும் பார்க்க வேண்டும். பிறகுதான் சொருகலாம். கையால் முனையைத் தொடவே கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆவடிப் பக்கத்து அண்ணன் ஒருவர். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். அந்த வேலையில் எட்டு ஆண்டு அனுபவம். "தம்பி, லைட் கண்ணுக்குத் தெரியாது. தெரியலைன்னு முனையை மூஞ்சிக்கு நேரா வைக்காதே. அதே மாதிரி அழுக்கும் கண்ணுக்குத் தெரியாது. தெரியலைன்னு சொருகிடாதே" என்பார்.

இரவு இரண்டு மணி இருக்கும். அண்ணன் வீட்டிலிருந்து செய்தி வந்தது. இளைய குழந்தைக்குக் காய்ச்சல் அதிகம். பேசிவிட்டு வரக் கூடத்துக்கு வெளியே போக வேண்டும். "இந்த ரெண்டு ஜோடி மட்டும் பாக்கி தம்பி. பார்த்து, துடைச்சு, சொருகு. பத்து நிமிஷத்தில வந்துடறேன்" என்று சொல்லிப் போனார். தாளில் அந்த வரிசைக்கு அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. முதல் ஜோடியை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவதில் நுண்ணோக்கியின் முனை சரியாக உட்காரவில்லை. "இதே இழை இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடியது!" என்று எண்ணினேன். மூடியைக் கழற்றி, இன்னொரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொள்வதற்காக இழை முனையை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். அடுத்த முனையையும் அப்படியே. சொருகினேன். 'டிக்' என்ற ஒலி கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு மணிக்குச் சோதனை. எல்லா இணைப்பும் சுத்தம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. சிறிது நேரம் இணைப்பு அறுந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் அறுந்தது. ஐந்து மணிக்குள் முடிக்காவிட்டால் பெரிய சிக்கல் என்று சூப்பர்வைசர் அங்குமிங்கும் ஓடினார். புதிய பெட்டியை மாற்றினார்கள், பயனில்லை. கடைசியில் இழையைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தார்கள்.

திரையில் நான் கண்டதை மறக்க மாட்டேன். சாம்பல் நிற வட்டம். நடுவே ஒளி போகும் சின்னஞ்சிறு புள்ளி. அதன் மேல் குறுக்கே, நெய் பட்ட விரலைக் கண்ணாடியில் வைத்தது போல ஒரு பூச்சு. அடுத்த முனையிலும் அதே. என் கையின் வியர்வை!

ஏன் முன்பு ஓடிய இழை இப்போது ஓடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அழுக்கு ஒளியை மறைப்பது மட்டுமன்று; கொஞ்சம் ஒளியைத் திருப்பியும் அனுப்பும். இரண்டு இடத்தில் அழுக்கு இருந்தால், ஒளியின் ஒரு பங்கு இரண்டுக்கும் நடுவே எதிரொலிபோல் போய்த் திரும்பி, தாமதமாக வந்து சேரும். தாமதமான அந்த ஒளி, புதிதாக வரும் துடிப்பின் மேல் ஏறி உட்கார்ந்து படிகளைக் கலைக்கும். இரண்டே நிலை இருந்த காலத்தில் படி உயரமாக இருந்தது. கொஞ்சம் கலைந்தாலும் தெரியவில்லை. நான்கு நிலையில் படி தாழ்ந்துவிட்டது. அதே கலைப்பு இப்போது வெள்ளமாகிவிட்டது. காவல் எழுத்துகளும் எத்தனை பிழையைத்தான் திருத்தும்? வேகம் கூடக் கூடப் பொறுமை குறைகிறது. மனிதரிடத்தில் மட்டுமன்று, ஒளியிடத்திலும்!

துடைத்துச் சொருகினார்கள். பிழைக் கணக்கு நின்றது. ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. சூப்பர்வைசர் தாளை எடுத்துப் பார்த்தார். அந்த வரிசையில் அண்ணனின் கையெழுத்து. "எட்டு வருஷம் வேலை செஞ்சவனா நீ? கையால தொட்டு வெச்சிருக்கே! நாளைக்கு முதலாளிகிட்ட நீயே பதில் சொல்லிக்கோ. இனிமே உன்னை வெச்சுக்கிறது கஷ்டம்" என்றார்.

அண்ணன் ஒரு முறை என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் எழுத வெட்கமாயிருக்கிறது. வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. பட்டரவாக்கம் வரை நடந்தே வந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முதல் மின்சார ரயில்களில் ஆட்கள் தூங்கி வழிந்துகொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை.

மாலையில் அப்பா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அவர் விரல் ரேகைகளில் கருமை போவதில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அலமாரியிலிருந்து தம்முடைய பழைய மைக்ரோமீட்டரை எடுத்துவந்தார்.

"இதில மிகச் சின்னக் கோடு எவ்வளவுடா?"

"பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒண்ணு மில்லிமீட்டர்ப்பா. பத்து மைக்ரான்."

"உன் ஒளி போற வழி எவ்வளவு அகலம்?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. "ஏறக்குறைய ஒன்பது மைக்ரான்ப்பா."

அப்பா சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே வேலைதான் செய்யறோம். இதைக் கேட்டுக்கோ. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, சக்கோட தாடையில ஒரு பிசிறு ஒட்டியிருந்ததைப் பார்க்காம வேலையைப் பூட்டிட்டேன். கடைசல் எல்லாம் பார்வைக்கு அழகா இருந்தது. டயல் வெச்சுப் பார்த்தா ஓடுது! முப்பது பீஸ் பாழ். பக்கத்து மெஷின்காரர் மேல பழி விழுந்தது. நான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன். மூணாம் நாள் சொன்னேன். முதலாளி என் கூலியில பிடிச்சுக்கிட்டார். அந்தப் பணம் எவ்வளவுன்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு நாள் மட்டும் ஞாபகம் இருக்கு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினேன்.

சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனதையும், அவர் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பதையும், நுண்ணோக்கி சரியாக உட்காரவில்லை என்று நான் பார்க்காமலே விட்டதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். "அவன் கையெழுத்துப் போட்டுட்டு உன்கிட்ட விட்டதும் தப்பு, நீ பார்க்காம சொருகினதும் தப்பு, நேத்தே சொல்லாதது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு" என்றார். அண்ணனுக்கு எச்சரிக்கையோடு வேலை நிலைத்தது. எனக்கு அன்று வரையுள்ள கூலியைக் கொடுத்து, "படிப்பை முடிச்சுட்டு வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். இன்னும் பன்னிரண்டு இரவு வேலை பாக்கி இருந்தது. அந்தப் பணம் என் இந்த ஆண்டுக் கட்டணத்துக்கு என்று நினைத்திருந்தது. அப்பா கைமாற்று வாங்கித்தான் கட்டினார்.

வாசலில் அண்ணன் என் தோளைத் தட்டினார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு தம்பி" என்றார். நேற்றிரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் அழாமல் இருக்கப் பாடுபட்டேன்.

நண்பர்களே, கல்லூரி திறந்ததும் நம் இயற்பியல் ஆய்வகத்தில் முதல் சோதனை, கிரேட்டிங் கொண்டு சோடியம் ஒளியின் அலைநீளம் காண்பது. முதலாம் ஆண்டிலிருந்தே ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அன்றும் சொன்னார்: "கிரேட்டிங்கை ஓரத்தில் பிடி, முகத்தைத் தொடாதே." இரண்டு ஆண்டுகள் அந்தச் சொற்களைக் காதால் கேட்டிருக்கிறேன். அன்றுதான் கையால் கேட்டேன். 5893 ஆங்ஸ்ட்ராம் என்று குறிப்பேட்டில் விடை எழுதி மதிப்பெண் வாங்குவது எளிது. வெளியே ஒரு குடும்பத்தின் சோறு அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை ஆய்வகத்தில் யார் நினைக்கிறோம்?

இன்னொரு கேள்வியும் என்னை விடவில்லை. அப்பாவின் பட்டறையில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். பக்கத்து ஷெட்டுகளிலும் அப்படியே. இன்று அதே நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்குள் இரவில் நான் கண்ட மனித முகங்கள் மிகச் சில. மின்சாரம் ஏராளமாக வேண்டும். ஆட்கள் கொஞ்சம் போதும். இரும்பு போய் ஒளி வந்தது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளியைச் செய்யவும், அளக்கவும், பழுது பார்க்கவும் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால்தானே அது எங்கள் முன்னேற்றமாகும்? காவலுக்கும் கேபிள் இழுப்பதற்கும் மட்டும் உள்ளே போவது போதுமா? பத்து மைக்ரானைக் கண்ணாலும் விரலாலும் அறிந்த டர்னர்களின் பிள்ளைகளுக்கு ஒன்பது மைக்ரான் பெரிய தூரமா? பட்டப்படிப்புக்குப் பின் ஒளியியலில் மேற்படிப்பு படிப்பது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். நடக்குமா என்பது மதிப்பெண்ணையும் பணத்தையும் பொறுத்தது. ஆயினும் முடிவு செய்துவிட்டேன்.

என் தாயார் வெள்ளிக்கிழமைகளில் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போவார்கள். அங்குள்ள இறைவன் பெயர் மாசிலாமணீசுவரர். மாசு இல்லாத மணி! சிறுவயது முதல் எத்தனையோ முறை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன், பொருளை எண்ணியதில்லை. அன்று அம்மாவோடு சென்று நின்றபோது, கண்ணாடியில் மாசு நீங்க வேண்டும் என்று 1966-இல் எழுதிய காவோவும், பிசிறு ஒட்டிய சக்கின் முன் இரண்டு நாள் ஊமையாய் நின்ற என் தந்தையும், உள்ளங்கைக்குள் இழையை மடக்கிய நானும் ஒருவர் பின் ஒருவராக நினைவில் வந்தார்கள்.

இப்போதும் காலையில் கல்லூரிக்கு வரும்போது ரயில் சன்னலிலிருந்து அந்தக் கட்டடம் தெரிகிறது. உள்ளே பன்னிரண்டாம் வரிசையில் ஓர் இழை ஒளி, துவரம்பருப்புத் துவரம்பருப்பாக ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய பணமோ, யாருடைய கடிதமோ அதில் போய்க்கொண்டிருக்கும். அதைக் கடைசியாகச் சுத்தம் செய்து சொருகியது என் கையன்று. அடுத்த முறை என் கையாக இருந்தால், முதலில் நுண்ணோக்கியில் பார்ப்பேன்.